இந்த மஞ்சள் எந்த மஞ்சள்?

பழைய ஸ்டூடியோ ஒன்றை மூடும்போது கடைசியாக விலை போகிற சாமான் பில்டர் டப்பாதான். கேமராவை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். லென்ஸுக்குப் போட்டி இருக்கும். தகர டப்பாவில் கிடக்கும் கண்ணாடி வளையங்களோ வந்த விலைக்கு மொத்தமாகத் தள்ளப்படும். அப்படியொரு டப்பாவைத் திறந்தால் நாலைந்து மஞ்சள் கண்ணாடிகளாவது நிச்சயம் இருக்கும். ஒன்றின் விளிம்பில் 'கே 2' என்று பொறித்திருக்கும். இன்னொன்றில் வெறும் '8'. ஜப்பானிய வளையத்தில் 'ஒய் 48'. ஜெர்மன் பித்தளையில் '022'. சோவியத் வளையத்தில், ஆறு கால் விரித்த பூச்சி போன்ற ஒரு ரஷ்ய எழுத்தும் பக்கத்தில் '2×' என்றும் இருக்கும். ஐந்தும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்பவை.

இத்தனை மஞ்சள் எதற்கு? காரணம் பிலிமின் பிறவிக் குணம். வெள்ளி ஹாலைடு படிகங்களுக்கு இயல்பாக நீலமும் ஊதாவும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவும்தான் உறைக்கும். 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் பலவற்றில் வானம் மேகமே இல்லாமல் வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். நீல வானமும் வெண்மேகமும் அந்தக் காலத்துப் புகைப்படத் தட்டுகளுக்கு ஒன்றே. 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர், தட்டில் சாயம் சேர்த்தால் அது பச்சையையும் பதிவு செய்வதைக் கண்டுபிடித்தார். சிவப்புவரை உணரக்கூடிய பான்குரோமாடிக் தட்டுகளை 1906இல் இங்கிலாந்தின் கிராய்டனில் இருந்த ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் நீலத்தின் மீதான பாசம் பிலிமை விட்டுப் போகவில்லை. நம் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிமுக்கும் அதே குணம்தான். லென்ஸுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடியை வைத்தால் நீலத்தின் ஒரு பங்கு குறையும், வானம் சாம்பலாகும், மேகம் எழுந்து நிற்கும்.

தட்டு விற்ற அதே ராட்டன் கம்பெனிதான் பில்டரும் விற்றது. 1906இல் அங்கே சேர்ந்த கென்னத் மீஸ் என்ற இளம் வேதியியலாளர், எந்தச் சாயம் எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்து பில்டர் செய்யும் முறையை நிலைநிறுத்தினார். 1912இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். மீஸைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர அவருக்குக் கிடைத்த வழி அது. கோடாக் டப்பாக்களில் 'ராட்டன்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் பில்டர்களுக்கு எழுத்துப் பெயர்கள் இருந்தன, பிறகு எண்கள் வந்தன. கே 2 என்பதே 8 ஆனது. ஜி 15 ஆனது, ஏ 25, எஃப் 29, எக்ஸ் 1 என்ற மஞ்சள்பச்சை 11. புதுப்பெயர் வந்தும் பழையதைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. '25 ஏ' என்று இரண்டையும் சேர்த்தே பொறித்த வளையங்கள் இன்றும் ஏராளம்.

இந்த எண்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஆன்செல் ஆடம்ஸின் புகழ்பெற்ற ஹாஃப் டோம் படமே சாட்சி. 1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி மலைப்பகுதியில், கையில் மிஞ்சியிருந்தவை இரண்டே தட்டுகள். முதல் தட்டை கே 2 மஞ்சளோடு எடுத்தார். மனதில் கண்ட கருமையான வானம் அதில் வராது என்று உடனே தோன்றியது. கடைசித் தட்டுக்கு 29ஆம் எண் அடர்சிவப்பைப் போட்டார். முதல் தட்டில் வானம் சாதாரணச் சாம்பல். இரண்டாவதில் கிட்டத்தட்டக் கறுப்பு, பாறை அதிலிருந்து பிரிந்து நிற்கிறது. பாறையும் லென்ஸும் அதே இடத்தில்தான் இருந்தன. மாறியது லென்ஸின் முன்னால் இருந்த கண்ணாடி.

எழுத்துகளை நம்பி ஏமாறுவதற்கு இந்தத் துறையில் வாய்ப்பு அதிகம். 'ஜி' என்ற ஒற்றை எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராட்டனின் பழைய முறையில் அது அடர்மஞ்சள். ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மட்டும் பொறித்த வளையத்தில் அது பச்சை. ஜெர்மன் மொழியிலோ மஞ்சளுக்கும் பச்சைக்கும் உரிய சொற்கள் இரண்டுமே அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. கையில் இருக்கும் கண்ணாடி மஞ்சளா பச்சையா என்பது பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது உண்மைதான். எந்த அளவு மஞ்சள் என்பதுதான் தெரியாது.

இந்தக் குழப்பத்துக்கு நேர்மையான விடை கண்டவர்கள் என்று நான் நினைப்பது ஜப்பானியர்களையும் ஜெர்மன் கண்ணாடிக்காரர்களையும். நிக்கான் வளையத்தில் உள்ள ஒய் 48 என்றால் 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளி வெட்டுப்படுகிறது என்று பொருள். அதற்குக் கீழே உள்ள ஊதாவும் நீலமும் நின்றுவிடும், மேலே உள்ளவை கடந்து போகும். ஓ 56 என்ற ஆரஞ்சு 560இல் வெட்டும். ஆர் 60 என்ற சிவப்பு 600இல். எல் 37, எல் 39 என்பவை புற ஊதாவை 370, 390 நானோமீட்டர்களில் நிறுத்துபவை. ஹோயாவின் ஆர் 72 அகச்சிவப்புக்கு, 720. ஷாட் நிறுவனத்தின் கண்ணாடிப் பட்டியலில் ஓ.ஜி. 550, ஆர்.ஜி. 695 என்று முழு எண்ணே இருக்கும். பெயரைப் பார்த்தாலே குணம் தெரிகிற பில்டர்கள் இவை. ராட்டன் எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. 25 என்பதற்கும் 600 நானோமீட்டருக்கும் எந்த உறவும் இல்லை, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

வெட்டு என்று சொன்னேன். நல்ல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடிகளில் அது உண்மையிலேயே கத்திவெட்டுதான். சில பத்து நானோமீட்டர் அகலத்துக்குள் இருட்டு வெளிச்சமாகிவிடும். சாதாரணச் சாயங்கள் இப்படி நடந்துகொள்வதில்லை, அவற்றின் விளிம்பு சரிவாக இருக்கும். கண்ணாடிக்கு இந்தக் கூர்மையைக் கொடுப்பது அதற்குள் விளைந்திருக்கும் காட்மியம் சல்பைடு, காட்மியம் செலினைடு நுண்படிகங்கள். இவை குறைகடத்திகள். குறைகடத்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைவிட அதிக ஆற்றல் கொண்ட ஒளித்துகள் வந்தால் எலெக்ட்ரானைத் தூக்கிவிட்டுத் தான் காணாமல் போகும். குறைந்த ஆற்றலோடு வந்தால் எதையும் தொடாமல் கடந்து போகும். காட்மியம் சல்பைடின் இடைவெளி சுமார் 2.4 எலெக்ட்ரான் வோல்ட், அலைநீளக் கணக்கில் 515 நானோமீட்டரை ஒட்டி. செலினைடுக்குச் சுமார் 1.7, அதாவது 700ஐத் தாண்டி. இரண்டையும் கலக்கும் விகிதத்தை மாற்றினால் வெட்டும் இடம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வழியாகச் சிவப்புக்கு நகரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உருக்கி ஊற்றி வேகமாக ஆறவைத்த கண்ணாடியில் நிறமே பெரிதாகத் தெரியாது. மறுபடி சூடேற்றி நிறுத்தினால்தான் படிகங்கள் உள்ளுக்குள் வளர்ந்து நிறம் ஏறும். எத்தனை டிகிரி, எத்தனை மணிநேரம் என்பதைப் பொறுத்து நிறமும் கொஞ்சம் மாறும். கண்ணாடிக்காரர்கள் கைப்பக்குவமாக அறிந்திருந்த இந்த விஷயத்தை லெனின்கிராடில் அலெக்ஸி எகிமோவ் ஆராய்ந்தார். தாமிரக் குளோரைடு சேர்த்த கண்ணாடியில், படிகம் சிறுத்தால் அது விழுங்கும் ஒளி நீலப்பக்கம் நகர்கிறது என்று 1981இல் வெளியிட்டார். குவாண்டம் புள்ளிகள் என்று இன்று நாம் சொல்வது அங்கே தொடங்கியதுதான். 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு லூயி புரூஸ், மௌங்கி பாவெண்டி ஆகியோரோடு அவருக்கும் கிடைத்தது. பில்டர் டப்பாவில் தேய்ந்து கிடக்கும் ஆரஞ்சு வட்டத்தை நான் கொஞ்சம் மரியாதையோடு துடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளிம்பில் எழுத்தே அழிந்துபோன கண்ணாடி கிடைத்தால்? வீட்டில் ஒரு பழைய சி.எஃப்.எல். விளக்கும் ஒரு சி.டி.யும் இருந்தால் போதும். அட்டையில் மெல்லிய பிளவு வெட்டி விளக்கின் முன் வையுங்கள். அறையை இருட்டாக்கி, சி.டி.யைச் சாய்த்துப் பிளவின் பிம்பத்தைப் பாருங்கள். சாதாரண குண்டு பல்பாக இருந்தால் தொடர்ச்சியான வானவில் வரும். சி.எஃப்.எல். விளக்கு அப்படிச் செய்யாது, தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். பாதரசத்தின் நீலக்கோடு 436 நானோமீட்டரில், பச்சைக்கோடு 546இல், பூச்சிலுள்ள யூரோப்பியம் தரும் சிவப்புக்கோடு 611இல். இயற்கையே குறித்துக்கொடுத்த அளவுகோல் இது. இப்போது பில்டரைக் கண்ணுக்கு முன் பிடியுங்கள். நீலக்கோடு மறைந்து பச்சை அப்படியே இருந்தால் நடுத்தர மஞ்சள். நீலம் மங்கி, ஆனால் தெரிந்துகொண்டே இருந்தால் வெளிர்மஞ்சள். பச்சைக்கோடும் போய்விட்டால் ஓ 56 போன்ற ஆரஞ்சு அல்லது அதற்கு மேல். 611க்கும் பச்சைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மஞ்சள், ஆரஞ்சுக் கோடுகள்கூட அணைந்து சிவப்பு மட்டும் மிஞ்சினால் 25 அல்லது அதன் உறவு. சிவப்பும் மங்கினால் 29 பக்கம். மஞ்சள்பச்சை பில்டர் பச்சைக்கோட்டை விட்டுவைத்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

பில்டர் வழியே ஒளி போகிறதா நிற்கிறதா என்ற இதே எளிய கேள்வியை வைத்துத்தான் 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஒரு பெரிய காரியம் நடந்தது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை நீல ஊதாக் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தி, சிதறிய ஒளியை மஞ்சள்பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஒன்று விடுவதை மற்றொன்று தடுக்கும்படி தேர்ந்தெடுத்த ஜோடி. கணக்குப்படி இருட்டாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. திரவத்துக்குள் ஒளியின் அலைநீளமே மாறியிருந்தது. பில்டர்களின் குணத்தைத் துல்லியமாக அறிந்திராவிட்டால் அந்த மங்கல் வெளிச்சத்தைக் கண்ணாடியின் கசிவு என்று தள்ளியிருப்பார்கள்.

நிறமற்ற கண்ணாடிகளுக்கு வேறு சோதனை வேண்டும். கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு, குழல் வகையாக இருந்தால் பெரும்பாலும் 365 நானோமீட்டர் ஒளி தருவது. நோட்டின் எண்கள் அதில் ஒளிரும். விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவே கண்ணாடியை நீட்டினால், நல்ல எல் 39 போட்ட நிழலில் அந்த ஒளிர்வு செத்துவிடும். 'யு.வி.' என்று பெருமையாகப் பொறித்த மலிவுக் கண்ணாடி பல வெறும் ஜன்னல் கண்ணாடி என்பது இதில் அம்பலமாகும். வெள்ளைத்தாளில் வைத்தால் மெல்லிய ரோஜா நிறம் காட்டுவது ஸ்கைலைட்.

சாம்பல் கண்ணாடி சுழன்றால் அது போலரைசர். பழையதா புதியதா, நேர்வகையா வட்டவகையா என்பதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். பில்டரைக் கண்ணுக்கு முன் பிடித்து, அதன் வழியே நிலைக்கண்ணாடியில் பில்டரின் பிம்பத்தையே பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்துப் பாருங்கள். லென்ஸில் மாட்டும் மரைப்பக்கம் நிலைக்கண்ணாடியை நோக்கியிருக்கும்போது பிம்பம் கறுத்தும், திருப்பினால் தெளிந்தும் தெரிந்தால் வட்டவகை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் நேர்வகை. மீட்டரிலோ ஆட்டோஃபோகஸிலோ ஒளியைப் பிரிக்கும் பாதிக்கண்ணாடி உள்ள கேமராக்களை நேர்வகை குழப்பிவிடும். அப்படி எதுவும் இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் அது தாராளமாக வேலை செய்யும், பழைய சந்தையில் விலையும் குறைவு.

சுழலாத சாம்பல் கண்ணாடி ஒளிக்குறைப்பான். அதன் எண்ணை மூன்று விதமாக எழுதுவார்கள். 'என்.டி. 8' என்றால் எட்டில் ஒரு பங்கு ஒளி, மூன்று ஸ்டாப். அதையே சிலர் 0.9 என்று அடர்த்திக் கணக்கில் பொறிப்பார்கள். சிலர் ஸ்டாப் எண்ணிக்கையை மட்டும் போடுவார்கள். எதுவானாலும் அதை வைத்துச் சூரியனைப் பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் கண்ணாடி அகச்சிவப்பைத் தாராளமாக விடக்கூடும், விழித்திரை வெந்துபோனது வலித்துத் தெரியாது.

துடைக்கும் முன் விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். ராட்டன் பில்டர்கள் பிறவியில் ஜெலட்டின் தாள்கள், சுமார் 0.1 மி.மீ. தடிமன். அவற்றை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டி விற்றார்கள். விளிம்பில் மூன்று அடுக்குத் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து வானவில் பூத்தாற்போல் குமிழ் படர்ந்திருந்தாலோ அது சாண்ட்விச் வகை. அதில் ஸ்பிரிட்டும் கூடாது, தண்ணீரும் கூடாது. மூச்சுவிட்டுப் பருத்தித்துணியால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும். முழுக்க நிறம் ஊறிய கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். பூச்சு இல்லாத பழைய கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பகலில் இது பெரிதல்ல. இரவில் தெருவிளக்கு சட்டகத்துக்குள் இருந்தால் பேய்விளக்கு ஒன்று எதிர்ப்பக்கத்தில் முளைக்கும்.

கண்ணாடியின் குணம் தெரிந்த பிறகு வளையத்தைப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள், இங்கேயே சோர்ந்தும் போகிறார்கள். உண்மையில் இது இரண்டில் சுலபமான பாதி. லென்ஸின் முகப்பில், சாய்கோடு வெட்டிய வட்டக்குறிக்குப் பக்கத்தில் உள்ள எண் பில்டரின் விட்டம். 50 மி.மீ. என்று பெரிதாக எழுதியிருப்பது குவியத்தொலைவு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண் இல்லையென்றால் வெர்னியர் எடுங்கள். பில்டரின் ஆண்மரையை வெளியே அளந்தால் பெயரளவுக்கு நெருங்கி வரும், 52க்கு 51.9 போல. லென்ஸின் பெண்மரையை உள்ளே அளந்தால் 52க்கு 51.2தான் வரும். இதை அறியாமல் 51 மி.மீ. பில்டர் தேடி அலைபவர்கள் உண்டு.

விட்டம் பொருந்தியும் ஒரு சுற்றோடு இறுகி நின்றால் காரணம் மரையின் இடைவெளி. இன்றைய பொதுவழக்கு 0.75 மி.மீ., அதாவது 3 மி.மீ.க்கு நான்கு பல். லைக்காவின் 39 மி.மீ. வளையத்தில் 0.5 மி.மீ., அதே நீளத்துக்கு ஆறு பல். சோவியத் பில்டர்களில் '40.5×0.5', '49×0.5' என்று இரண்டையும் சேர்த்தே பொறித்திருப்பார்கள், அந்த வகையில் அவர்கள் தெளிவானவர்கள். இறுகியதை வலுக்கட்டாயமாகத் திருகினால் அலுமினிய மரை சீவப்பட்டு இரண்டும் வீணாகும்.

மரையே இல்லாத பில்டரும் உண்டு. அமெரிக்காவின் 'சீரிஸ்' பில்டர்கள் ரோமன் எண்ணில் 5, 6, 7, 8, 9 என்று வரும். 6 என்றால் கண்ணாடியும் சட்டமும் சேர்ந்து 41.3 மி.மீ., 7 என்றால் 50.8, 8 என்றால் 63.5. லென்ஸில் ஓர் அடாப்டரை மாட்டி, பில்டரை அதில் போட்டு, மேலே ஒரு வளையத்தைத் திருகிப் பிடிக்க வேண்டும். ஒரே பில்டரைப் பத்து லென்ஸுக்குப் பயன்படுத்தும் அருமையான ஏற்பாடு. அடாப்டர் தொலைந்துவிட்டால்தான் பில்டர் அநாதை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் வெகுநாள் புழங்கிய யாஷிகா மேட் வகை இரட்டை லென்ஸ் கேமராவில் இருப்பது ரோலை வகுத்த முதலாம் அளவு பேயனட். அதைத் திருகுவதில்லை, நுழைத்துச் சற்றே திருப்பிப் பூட்டுவார்கள்.

விட்டம் பொருந்தாத லென்ஸையும் பில்டரையும் இணைப்பதற்கு வழி ஸ்டெப் அப் ரிங்தான். சிறிய லென்ஸில் பெரிய பில்டரை மாட்டுவது. எதிர்த்திசையில் ஸ்டெப் டவுன் போட்டால் வைட் லென்ஸில் மூலைகள் கறுக்கும், டெலிஃபோட்டோவில் சில சமயம் தப்பிக்கலாம். இருக்கும் லென்ஸ்களில் பெரிய விட்டத்துக்கு ஒரு பில்டர் வாங்கி மற்றதற்கெல்லாம் வளையம் போடுவதே சிக்கனம். ஆனால் இரட்டை லென்ஸ் கேமராவில் 52 மி.மீ. வளையத்தை மாட்டினால் அது மேலே உள்ள பார்வை லென்ஸின் ஒரு பகுதியை மறைக்கும். லென்ஸுக்குப் பின்னால் பில்டர் போடும் வகையில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. அங்கே கண்ணாடியின் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியம் பின்னால் தள்ளிப்போகும். நிக்கானின் 500 மி.மீ. மிரர் லென்ஸில் பின்புறம் மாட்டும் 39 மி.மீ. பில்டர், லென்ஸின் கணக்கிலேயே சேர்ந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு எடுக்கக்கூடாது.

இவ்வளவும் செய்து இன்றைய கேமராவில் மாட்டினால் பயன் உண்டா? நிறக்கண்ணாடியைப் பொறுத்தவரை என் பதில் பெரும்பாலும் இல்லை. டிஜிட்டல் சென்சாரின் ஒவ்வொரு புள்ளி மேலும் ஏற்கெனவே ஒரு பில்டர் உட்கார்ந்திருக்கிறது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம் என்ற அந்த ஏற்பாட்டை வகுத்த பிரைஸ் பேயர் வேலை பார்த்ததும் கோடாக்கில்தான், காப்புரிமை 1976. அதன் முன் 25 ஏ சிவப்பை மாட்டினால் நாலில் மூன்று புள்ளிகள் ஏறக்குறைய குருடாகும். படத்தைப் பிறகு கணினியில் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பை மட்டும் தூக்கிப் பிடித்தாலே வானம் இருண்டுவிடும். 80 ஏ, 85 போன்ற நிறத்திருத்தக் கண்ணாடிகளின் வேலையை ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொண்டது. போலரைசர், ஒளிக்குறைப்பான், அகச்சிவப்பு ஆகிய மூன்றின் வேலையை மட்டும் எந்த மென்பொருளாலும் முழுதாகச் செய்ய முடியாது. பிலிமில் எடுப்பவர்களுக்கும், 2012இல் லைக்கா வெளியிட்டது போன்ற, நிறப்பில்டர் இல்லாத கறுப்பு வெள்ளை சென்சார் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

மிச்சமுள்ள 80 ஏ, 85 வகையறாவையும் தூக்கி எறிய வேண்டாம். பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மெல்லிய வளையத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டுக் குழிகள் இருக்கும். வெர்னியரின் இரு கூர்முனைகளை அவற்றில் நிறுத்தித் திருப்பினால் கழன்றுவரும். கண்ணாடியை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஆண்மரையும் பெண்மரையும் உள்ள சுத்தமான சட்டம். அடாப்டர் இல்லாத சீரிஸ் 7 கண்ணாடிக்கு அதில் இடம் செய்து தர லேத்துப் பட்டறையில் அரைமணி வேலை.